சாமுண்டி மலையும் நமது சத்திரமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு காரியதரிசி அவர்கள் நமக்கு இட்ட பொருள் "மைசூர் சாமுண்டி க்ஷேத்திர மகிமை" என்பதாகும். மகிமையைச் சொல்லவே வந்துள்ளோம். ஆயினும் சென்ற கூட்டத்தில் எழுந்த ஒரு பிரேரணையை இச்சபையோர் மறந்திரார். ஆண்டுதோறும் நம்மவர் யாத்திரை போய்வரும் அம்மலையின் உச்சியிலே, நமது சங்கத்தின் பெயரால் ஒரு சத்திரம் எடுப்பிக்க வேண்டுமென்று அன்பர் சிலர் கூறினர். பலர் கரகோஷம் செய்தனர். வரும் பொதுக்கூட்டத்தில் அது முடிவுக்கு வரவிருக்கின்றது. ஆதலின் க்ஷேத்திரத்தின் பெருமையைச் சொல்லும்போதே அச்சத்திரத்தைப் பற்றி நமக்குத் தோன்றுவதையும் மறையாது சொல்லிவிட எண்ணுகின்றோம். கேட்டபின் கோபிப்பவர் கோபிக்கலாம்; முன்னரே கோபிக்க வேண்டா.

நம்மூர்ப் பக்கத்தார் போகும் வழி யாவரும் அறிந்ததே. சத்தியமங்கலம் கடந்து, பண்ணாரியில் மாரியம்மனைத் தொழுது, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் ஆசனூர்க் காடு. அப்பால் சாமராஜநகரம், கபிலையாற்றங்கரையிலே நஞ்சன்கூடு, பின்பு மைசூர். நஞ்சன்கூடு தாண்டியதுமே வலப்புறத்தில் தனித்தெழுந்து நிற்கும் மலையைக் காட்டி, வண்டியிலுள்ள கிழவிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கின்றோம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,500 அடி உயரமுள்ளது அது. நகரமே சுமார் 2,500 அடி உயரத்தில் இருத்தலால், அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியது ஆயிரம் அடி என்று கொள்ளலாம்.

தேவி மகிஷாசுரனை வதைத்த இடம் அதுவென்பது புராணம். ஊர்ப்பெயரும் மகிஷன் பெயரால் வந்ததென்பர். நம் சங்க நூல்களிலே, தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்துத் தோற்ற எழுவருள் ஒருவன் எருமையூரன் எனக் கூறப்படுகின்றான்; அவ்வெருமையூர் மைசூரே என்று அறிஞர் பலர் கருதுவர். மகிஷம் என்பதும் எருமை என்பதும் ஒன்றே யல்லவா? ஆகவே அந்நாட்டின் பெயர் தமிழர் செவிக்குப் புதிதன்று. மகிஷன் அசுரனல்லன், அந்நாட்டை ஆண்ட பழைய மன்னன் என்று வாதிப்போரும் இந்நாளில் உளர். அவ்வாதத்தில் நாம் ஈண்டுப் புகவில்லை. மலைமேல் ஒரு கையில் வாளும் மறு கையில் பாம்பும் ஏந்தி, வண்ணம் பூசி நிற்கும் மகிஷனது பெரிய பிரதிமையின் முன்னரே நம் குழந்தைகள் அதிக நேரம் நிற்கின்றனர் என்பதை மட்டும் சொல்லிவைப்போம். தேவியின் சந்நிதிக்கு அவர்களை இழுத்துச் செல்வதே பெரும்பாடு!

அம்மலைக்கு முற்காலத்தில் மஹாபலாத்ரி என்று பெயர். மஹாபலேசுவரர் என்னும் சிவபெருமான் ஆலயம் தேவி ஆலயத்தினும் பழமையானது. இன்றும் அதற்கு அருகிலேயே, கூட்டமின்றி அமைதியாக இருக்கின்றது. யாத்திரை போவோரில் பத்தில் ஒருவரும் அதனுள் நுழைவதில்லை. நம்மவர் இனியேனும் நுழைவாராக. மைசூர் உடையார் வமிசத்தார் தலையெடுத்த பின்னரே தேவியின் கோயில் சிறப்புற்றது; அவள் அவர்களுக்குக் குலதெய்வம். பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட ஒரு சாமராஜ உடையார் தேவியைத் தரிசிக்க மலையேறிய பொழுது இடி விழுந்தும், தலைமயிர் மட்டுமே போக, உயிர் பிழைத்தாரென்றும், அதனால் "போள சாமராஜர்", அதாவது மொட்டைச் சாமராஜர், என்று பெயர் பெற்றாரென்றும் கதை வழங்குகின்றது. அரசரென்றும் பாராமல் அப்பெயரை இட்டு, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் வழங்கிவரும் அவ்வூராரின் துணிவை மெச்ச வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த படிகளுக்கு வருவோம்.

1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார் அம்மலைக்குக் கருங்கற்படிகள் அமைப்பித்தார். ஆயிரத்தெட்டு என்பது வழக்கு. எண்ணிக்கொண்டே ஏறுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்வர். முதற் பகுதி செங்குத்தானது. நல்ல உடற்கட்டுள்ள வாலிபர்களே ஆரம்பத்தில் விரைந்தேறி, பாதியில் அமர்ந்து மூச்சு வாங்குவர். முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்த பாட்டி ஒவ்வொரு படியாக வைத்து அவர்களைக் கடந்து போய்விடுவாள். மூன்றில் இருபங்கு ஏறியபின், அதே அரசர் காலத்தில் ஒரே பாறையில் குடையப்பட்ட நந்தி படுத்திருக்கக் காண்போம். உயரம் பதினைந்தடிக்கு மேல். நீளம் இருபத்துநான்கு அடி என்பர். கழுத்திலே தொங்கும் மணிகளும் சங்கிலியும் கல்லென்று நம்ப முடியாத நயமுடையவை. கார்த்திகை மாதத்தில் அந்நந்திக்குப் பாலும் தயிரும் சந்தனமும் பிறவும் கொண்டு மகாபிஷேகம் நிகழும்.

அந்நாட்டில் ஆஷாடம் எனப்படும் மாதம் நமது ஆனி ஆடிகளில் விழுவது. நம்மைப் போலவே அவர்களும் அம்மாதத்தில் கலியாணம் முதலியன செய்யார்; புதுமணப் பெண் தாய்வீடு செல்வாள்; அம்மனுக்கோ அதுவே உகந்த காலம். ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் விடியுமுன்னரே படிவழியே ஜனங்கள் ஏறுவர். பெண்மக்கள் படிதோறும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே செல்வர். ஆயிரம் முறை குனிந்து ஆயிரம் முறை நிமிரும் அவ்விரதத்தைச் செய்வோரில் பூக்காரியும் உண்டு, பள்ளி உபாத்தியாயினியும் உண்டு, வக்கீல் வீட்டு அம்மாளும் உண்டு. முன்னே சென்றவள் இட்ட குங்குமத்தின்மேலேயே பின்னே வருபவள் இடுகின்றாள். அவள் எக்குலத்தாள் என்று எவரும் வினவுவதில்லை. வினவ மூச்சும் இராது. இப்படிகளைச் செய்த மன்னரின் பெயரையும் ஏறுவோரில் பலர் அறியார். முந்நூற்றைம்பது ஆண்டுகளாக அவர் கல்லில் கால்வைத்தே கோடிக்கணக்கான ஜனங்கள் தாயிடம் சென்றிருக்கின்றனர். இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

உச்சியிலுள்ள கோயிலை மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதுப்பித்து, ஏழுநிலைக் கோபுரத்தை 1827-ஆம் ஆண்டில் கட்டினார். ஸ்வர்ணத்தால் நக்ஷத்திரமாலிகை ஒன்று செய்து, அதில் வடமொழிச் சுலோகங்களைப் பொறித்துத் தேவிக்கு அணிவித்தவரும் அவரே. எட்டுத் திருக்கரங்களுடன் அமர்ந்திருக்கும் மூலமூர்த்தியை மார்க்கண்டேய ரிஷி பிரதிஷ்டை செய்தாரென்பது ஐதிகம். "அம்மன்னருடைய சிலை அக்கோயிலுக்குள்ளேயே இருக்கின்றதே, அவர் பெயர் விளங்கலாம், நம் பெயர் விளங்கலாகாதோ?" என்று ஓரன்பர் சென்ற கூட்டத்தில் வினவினார். நல்ல வினாவே. மன்னர் சிலை இருப்பது மெய். ராணிமாருடன் பக்தர் கோலத்தில் கைகூப்பித் தேவியை நோக்கி நிற்கின்றது அது. தாம் கட்டிய கோபுரத்தின்கீழ்த் தாமே வேலைக்காரர்போல் நிற்கின்றார். நாமோ சத்திரத்து முகப்பில் விளக்குப் போட்ட பெயர்ப்பலகை மாட்டும் எண்ணத்தில் இருக்கின்றோம். இரண்டும் ஒன்றல்ல.

இனி, அவள் யாருடைய தெய்வம் என்று பார்ப்போம். அரச வமிசத்தார் குலதெய்வம் என்றோம். ஆனால் மைசூர்ச் சீமையின் கிராமத்துப் பாட்டுக்களைக் கேட்டால் வேறொரு சாமுண்டியைக் காணலாம். அப்பாட்டுக்களில் நஞ்சன்கூட்டு நஞ்சுண்டேசுவரர் சாமுண்டியின்மேல் மையல்கொண்டு மலைக்கு வருவார். வீட்டிலிருக்கும் மனைவிக்கு அது தெரிந்து சக்களத்திப் பூசல் மூளும். தேவியும் விட்டுக்கொடாமல் வாதாடுவாள். மலையடிவாரத்து உத்தனஹள்ளியில் எழுந்தருளியுள்ள ஜ்வாலாமுகி திரிபுரசுந்தரியை அவளுடைய தங்கை என்பர். உடன்பிறப்பு, காதல், பூசல் எல்லாமுள்ள குடும்பப் பெண்ணாகவே உழவரும் இடையரும் அவளைப் பாடிவந்திருக்கின்றனர். அரண்மனை அப்பாட்டுக்களைத் தடுத்ததுமில்லை, ஜனங்கள் அரண்மனையின் பூஜையைக் குறைகூறியதுமில்லை.

நம் தமிழ்நாட்டிற்கும் அத்தேவியிடத்தில் ஓர் உரிமை உண்டு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945) மைசூர் சமஸ்தானத்து ஆஸ்தான வித்துவானாக இருந்தபொழுது, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் விருப்பப்படி, சாமுண்டேசுவரியின் அஷ்டோத்தர நாமங்களைக்கொண்டு 108 கீர்த்தனங்கள் இயற்றினார். அவற்றைக் கன்னடத்தில் இயற்றினார் என்பதே விசேஷம். தம் தாய்மொழியல்லாத மொழியில், தம் குலதெய்வமல்லாத தெய்வத்தை, நூற்றெட்டு முறை பாடினார். நம் வீட்டுப் பெண்களுள் சங்கீதம் பயில்வோர் அவற்றுள் இரண்டொன்றேனும் கற்று நமது நவராத்திரிக் கொலுவில் பாடலாகாதா? சத்திரத்தைக் காட்டிலும் செலவு குறைவு.

தசராவைப்பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. 1610-ஆம் ஆண்டில் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய அவ்விழா, 1799-இல் திப்பு சுல்தான் மாண்டபின் மைசூர் மீண்டும் தலைநகரானதும் அங்கே பெருகிற்று. விஜயதசமியன்று சுமார் 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியை யானைமீது ஏற்றி, அரண்மனையிலிருந்து பன்னிமண்டபத்துக்கு ஊர்வலம் செல்லும். பன்னி என்பது நம் வன்னி மரமே. முன்பு அவ்வம்பாரியில் அரசர் அமர்ந்து செல்வார். 1971-ஆம் ஆண்டில் அரசர்களின் மானியமும் பட்டமும் ஒழிக்கப்பட்ட காலத்தையொட்டி அது மாறிற்று. அதுமுதல் அம்பாரியில் வீற்றிருப்பவள் மலையிலிருந்து இறங்கிவரும் சாமுண்டேசுவரியின் உற்சவமூர்த்தியே. அரசர் இறங்கிய ஆசனத்தில் தாய் ஏறினாள் என்று அந்நகரத்தார் பெருமையோடு சொல்வர்.

2025-ஆம் ஆண்டில் தசராவைத் தொடங்கிவைக்கக் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக் அம்மையாரைக் கர்நாடக அரசு அழைத்தது. அவ்வாண்டிலேதான் அவர் சர்வதேச புக்கர் பரிசு பெற்றிருந்தார். அவர் முஸ்லிம் என்பதால் அழைக்கலாகாதென்று சிலர் உயர்நீதிமன்றத்திலும் பின்பு உச்சநீதிமன்றத்திலும் வழக்காடினர். இரண்டிலும் வழக்குத் தள்ளுபடியாயிற்று. செப்டம்பர் 22-ஆம் தேதி அவ்வம்மையார் மலைக்கு வந்து தேவிக்கு மலர் தூவி விழாவைத் தொடங்கினார். அதனை ஒப்பாதவர் நம் சபையிலும் இருக்கலாம். நாம் கண்ட அளவில், நஞ்சுண்டரோடு வாதாடியவளும் தமிழ்ப் பாகவதரைக் கன்னடத்தில் பாடவைத்தவளுமான தாய்க்கு அது ஒரு பொருட்டாயிராது.

இத்தகைய மலையிலே நமது சமூகத்தின் பெயர் தாங்கிய கட்டடம் ஒன்று வேண்டும் என்பதே இப்பொழுதுள்ள பிரேரணை. பழனியில் ஒவ்வொரு சமூகத்தார்க்கும் மடம் இருக்கின்றதே என்று உதாரணம் காட்டுகின்றனர். நம் பாட்டனார் காலத்தில் காவடி எடுத்துப் பல நாள் நடந்துபோயினர், போனவர்க்குப் படுக்க இடமும் ஒரு வேளைச் சோறும் வேண்டியிருந்தன, மடம் கட்டினர். அவையும் பெரும்பாலும் அடிவாரத்திலேதான் உள்ளன. முருகன் தலைமேல் எவரும் கட்டவில்லை. சாமுண்டி மலைக்கோ நகரத்திலிருந்து மோட்டார் சாலைவழி எட்டு மைலே. காலையிற் புறப்பட்டுத் தரிசனம் செய்து உச்சிப்பொழுதுக்குள் நகருக்குத் திரும்பிவிடலாம். முதியோர்க்கும் நோயாளர்க்கும் பேருந்துகள் உச்சிவரை செல்லுகின்றன. மலைமேல் இராத் தங்கவேண்டிய அவசியம் யாருக்கு? உள்ளதைச் சொன்னால், நம் சத்திரத்தில் தங்கப்போவது யாத்திரிகரல்லர், காற்று வாங்கப் போவோரே.

அன்றியும் அம்மலை இனித் தாங்காது. சுமார் 1,500 ஏக்கர் காப்புக்காடு சூழ்ந்தது அது. சிறுத்தை நடமாடும் காடு. உச்சியிலோ பழைய குடியிருப்போடு கடைகளும், பல அடுக்கு வண்டி நிறுத்துமிடமும் வந்துவிட்டன. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த கனமழையில் நந்தி இருக்கும் இடத்துக்குச் செல்லும் சாலை சரிந்தது. பழுதுபார்க்குமுன்னரே அடுத்தடுத்து மீண்டும் சரிந்தது. மறு ஆண்டு கம்பிவடத்தில் ஓடும் வண்டி அமைக்க அரசு எண்ணியபோது, நகரத்தார் பலர் எதிர்த்தமையால் அவ்வாண்டே அது கைவிடப்பட்டது. "மலைக்கு வேண்டியது நிழலும் நிம்மதியும், கட்டடம் போதும்" என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். 2024-ஆம் ஆண்டில் க்ஷேத்திரத்தை நிர்வகிக்கத் தனி ஆணையம் ஒன்று சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. அதனை எதிர்த்து அரச குடும்பத்தார் உயர்நீதிமன்றம் சென்றனர். மலை யாருடையது என்று அரசும் அரண்மனையும் வழக்காடும் இடத்திலே, மூன்றாமவராக நாமும் ஒரு மனையை வளைத்துப்போட்டு முகப்பில் பெயர் எழுதுவது அழகாகுமா?

"அப்படியாயின் திரட்டிய நிதியை என் செய்வது?" என்பது கேள்வி. இதற்கு நாம் விடையோடுதான் வந்திருக்கின்றோம். மலையைப் பார்த்த கண்ணால் மலையடியிலுள்ள நகரத்தையும் பார்க்கவேண்டும். தேவியின் பக்தரான நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மலைமேல் எத்துணைக் கைங்கரியம் செய்தாரோ, அதனினும் மிகுதியாக மலையடியிற் செய்தார். 1916-ஆம் ஆண்டில் மைசூர்ச் சர்வகலாசாலையை நிறுவினார். பிற்பட்ட சமூகத்தார்க்கு அரசாங்க உத்தியோகத்தில் இடம் கிடைக்கும் வழியை ஆராய 1918-இல் நீதிபதி மில்லர் தலைமையில் ஒரு குழுவை நியமித்து, அதன் யோசனைகளை ஏற்றார். அக்காலத்தில் அச்சீமையின் பல சமூகத்தார் தத்தம் பிள்ளைகளுக்கு மைசூரில் மாணவர் விடுதிகள் கண்டனர். கிராமத்திலிருந்து அரிசி மூட்டையோடு வந்த பையன்கள் அவ்விடுதிகளில் உண்டு உறங்கிப் படித்து, எஞ்சினீயர்களும் வைத்தியர்களும் நியாயாதிபதிகளும் ஆயினர். தேவியின் அருள் எப்படி இருக்குமென்று கேட்பார்க்கு நாம் அவ்விடுதிகளையே காட்டுவோம்.

இன்று நம் பிள்ளைகளும் மைசூரில் படிக்கின்றனர், பெண்மக்களும் படிக்கின்றனர். அவர்களுள் சிலர் அறை வாடகைக்குத் தரும் பணம் கல்லூரிச் சம்பளத்தினும் மிகுதி. சென்ற ஆண்டு நமது சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், மகளுக்கு இடம் கிடைத்தும், தங்கும் இடம் அமையாமையால் அனுப்பாது நிறுத்திவிட்டனர். அத்தாய் இன்று இச்சபையில் இருக்கின்றார், பெயர் சொல்லோம். நன்றாகப் படிக்கும் பெண் வீட்டிலிருக்க, நாம் மலையுச்சியில் காற்று வாங்கும் சத்திரத்திற்குக் கல்நாட்டுவோமாயின், படிதோறும் குங்குமமிட்டுச் சென்று அத்தாயின் சந்நிதியில் என்ன முகத்தோடு நிற்போம்?

ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் பிரேரணைக்கு நாம் ஒரு திருத்தம் கொடுக்கவிருக்கின்றோம். சத்திர நிதி முழுவதையும் மைசூர் நகரத்தில் மாணவியர் விடுதி ஒன்றுக்குத் திருப்புவது; முதலில் வாடகை வீட்டிலேனும் தொடங்குவது; நம் சமூகத்துப் பெண்களோடு, இடம் இருக்குமளவும், எச்சமூகத்து ஏழைப் பெண்ணையும் சேர்த்துக்கொள்வது. இக்கடைசிப் பகுதியை நீக்கினால் திருத்தத்திற்கு ஆதரவளிப்பதாக இரு பெரியோர் சொல்லியனுப்பினர். அவர்களிடத்து நமக்குள்ள மரியாதை குறைவதன்று. ஆயினும் நீக்க மாட்டோம். படியில் வினவாத கேள்வியை விடுதி வாயிலில் வினவுவது தகாது. வாக்கெடுப்பில் தோற்றால் தோற்போம்.

யாத்திரை வழக்கம்போல் நடைபெறும். ஆஷாடத்து வெள்ளிக்கிழமைகளில் தனி வண்டிகளை மலைமேல் விடுவதில்லை. லலிதமஹால் அரண்மனைப் பக்கத்துத் திடலிலிருந்து அரசுப் பேருந்துகள் செல்லும். ஆதலின் நாம் அமர்த்தும் வண்டிகள் அத்திடலிலேயே நிற்கும். திம்பம் பாதையில் இராக்காலப் போக்குவரத்துக்குத் தடையிருத்தலால், வியாழனன்று பகலிலேயே புறப்பட்டு நஞ்சன்கூட்டில் தரிசனம் செய்து, மைசூரில் இராத் தங்குவோம். படியேறுவோர் வெள்ளியன்று காலை ஐந்து மணிக்கு அடிவாரத்தில் கூடவேண்டும். பிளாஸ்டிக் பைகளும் குப்பிகளும் கொண்டுவரலாகாது. மஞ்சள் குங்குமத்தைத் துணி முடிச்சில் கொண்டுவருக. முழங்கால் வலியுள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் பேருந்தில் இடம் பார்த்து வைப்போம். பெயர் கொடுப்போர் இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசி அவர்களிடம் கொடுக்க. திருத்தத்தில் கையொப்பமிட விரும்புவோர்க்கான தாளும் அவரிடமே இருக்கின்றது.